நான்காம் வகுப்பு டிக்கெட்

சிம்பொனி நகரங்கள் – 9

போன வாரம் மான்செஸ்டரில் நின்றோம். சார்ல்ஸ் ஹாலே என்ற தனி மனிதர் 1858-ல் ஒரு இசைக்குழுவைத் தொடங்கி, லாபமானாலும் நட்டமானாலும் தன் தலையில்தான் என்று 1895-ல் கண்ணை மூடும்வரை நடத்தினார். இந்த வாரம் பெர்லின். இங்கே கதை தலைகீழ். முதலாளியை உட்கார வைத்துவிட்டு வாத்தியக்காரர்கள் எழுந்து போன ஊர் இது.

அந்த முதலாளியின் பெயர் பெஞ்சமின் பில்ஸே. சைலீசியாவில் லீக்னிட்ஸ் என்ற சின்ன ஊரில் நகர வாத்தியக்காரராக இருந்தவர். 1867-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு யோஹான் ஸ்ட்ராஸ் போனபோது அவருக்காக வாசித்தது பில்ஸேயின் குழுதான். அதன்பிறகு அவர் பெர்லினில் கடை விரித்தார். லைப்ஸிகர் தெருவில் ஒரு பெரிய மண்டபம். நாற்காலி வரிசை கிடையாது, மேசைகள்தான். மேசைமேல் பீர் கோப்பை, சாப்பாட்டுத் தட்டு. பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே பேத்தோவன் கேட்டார்கள், ஆண்கள் சுருட்டுப் புகைக்கு நடுவே கேட்டார்கள். மட்டமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அரண்மனை ஒப்பெரா பக்கமே போக முடியாத சாதாரணக் குடும்பங்களுக்கு சிம்பொனியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பில்ஸே. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற பெல்ஜிய வயலின் மேதை யூஜீன் இஸாயே, இளைஞனாக இந்தக் குழுவில் முதல் வயலினாக உட்கார்ந்திருக்கிறார். தரத்துக்குக் குறைவில்லை.

குறை சம்பளத்தில் இருந்தது. நடத்தப்பட்ட விதத்தில் அதைவிட அதிகம் இருந்தது. பில்ஸே பழைய காலத்து எஜமான். ஆட்களைச் சேர்ப்பது, விலக்குவது, கூலி நிர்ணயிப்பது எல்லாம் அவர் வாய்ச்சொல். 1882 வசந்தத்தில் வார்ஸாவுக்குக் கச்சேரிப் பயணம் ஏற்பாடானது. குழுவினருக்கு ரயிலில் நான்காம் வகுப்பு என்றார் முதலாளி.

பிரஷ்ய ரயிலின் நான்காம் வகுப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் இந்தக் கோபம் புரியும். சந்தைக்குப் போகிறவர்கள் கூடையோடும் மூட்டையோடும் ஏறுகிற பெட்டி அது. பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போக வேண்டும், ஓரத்தில் நாலு பலகை இருந்தால் அதிர்ஷ்டம். பெர்லினிலிருந்து வார்ஸா ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் செல்லோவையும் பாஸூனையும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நின்றபடி போய், இறங்கிய ஊரில் ரோசின் தேய்த்து வில்லை எடுக்க வேண்டும்.

ஐம்பத்து நான்கு பேர் மாட்டேன் என்றார்கள். சொன்னதோடு நிற்காமல், பிரியாமல் சேர்ந்தே இருப்பது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். இதற்குச் சில மாதம் முன்புதான் மைனிங்கன் என்ற சிற்றரசின் இசைக்குழு பெர்லினுக்கு வந்து வாசித்துவிட்டுப் போயிருந்தது. அதன் நடத்துநர் ஹான்ஸ் ஃபான் பியூலோ. பீர் மேசைகள் இல்லாமல், ஒரு சிம்பொனியை எலும்புவரை ஒத்திகை பார்த்து வாசித்தால் எப்படி ஒலிக்கும் என்று பெர்லின்காரர்கள் காதால் கேட்டிருந்தார்கள். வெளியேறியவர்களுக்கும் அது காதில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். டிக்கெட் வெறும் சாக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் மட்டும் காரணமில்லை.

பில்ஸே சளைக்கவில்லை. புது ஆட்களைச் சேர்த்து இன்னும் சில ஆண்டு ஓட்டிவிட்டு, லீக்னிட்ஸுக்கே திரும்பினார். 1902-ல் அங்கேயே காலமானார்.

வெளியே வந்தவர்களிடம் வாத்தியம் இருந்தது, வேறெதுவும் இல்லை. பெயர்கூட இல்லை. ஆரம்பத்தில் 'முன்னாள் பில்ஸே குழு' என்றே விளம்பரம் செய்தார்கள். விட்டு வந்த முதலாளியின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் விற்க வேண்டியிருந்தது. பெர்ன்பர்கர் தெருவில் லூட்விக் ஸாசெர்டோட்டி என்பவர் ஒரு ஸ்கேட்டிங் கொட்டகை வைத்திருந்தார். சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு வழுக்கி விளையாடும் மோகம் அப்போது ஐரோப்பாவில் வந்து போயிருந்தது. மோகம் தணிந்ததும் காலியாகிக்கொண்டிருந்த கொட்டகைக்கு வாடகைதாரர் கிடைத்தார்கள். அதற்கு 'பில்ஹார்மோனி' என்று பெயர் வந்தது, உள்ளே வாசித்தவர்களுக்கு 'பில்ஹார்மோனிக்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1882 அக்டோபர் 17-ல் லூட்விக் ஃபான் பிரென்னர் நடத்த, புதுப் பெயரில் முதல் கச்சேரி.

நிர்வாகம் எப்படி? இதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. பெர்லினில் ஏற்கெனவே அரசவை இசைக்குழு ஒன்று இருந்தது. அதில் இருப்பவர்களுக்கு மாதச் சம்பளம், ஓய்வூதியம், மன்னர் வீட்டு மதிப்பு. பில்ஹார்மோனிக்குக்கு மன்னர் இல்லை, முதலாளியும் இல்லை. வாசிப்பவர்களே உரிமையாளர்கள். வசூலானதில் செலவு போக மிஞ்சியதைப் பகிர்ந்துகொண்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களைத் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்தார்கள். அதாவது நேற்று இரவு வியோலா வாசித்தவர் இன்று காலை மண்டப வாடகைக்கு பேரம் பேசப் போவார்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. வயிறு நிறைய வேண்டுமே. முதல் சில ஆண்டுகள் இழுபறி. வயலின் மேதை யோசஃப் யோவாகிம் கை கொடுத்தார். வங்கிக்காரக் குடும்பமான மெண்டல்ஸன்களும், சீமென்ஸ் குடும்பத்தாரும் பணம் தந்தார்கள். கோடையில் பெர்லினில் கச்சேரி கிடையாது. கச்சேரி இல்லாவிட்டால் பங்கும் இல்லை. எனவே 1885 தொடங்கிப் பல கோடைகள் ஹாலந்தின் ஸ்கேவெனிங்கன் கடற்கரைக்குப் போய், கடற்காற்று வாங்க வந்தவர்களுக்கு வாசித்தார்கள்.

1887-ல் ஹெர்மன் வோல்ஃப் உள்ளே வந்தார். கச்சேரி ஏஜென்ட். அந்தத் தொழிலையே ஜெர்மனியில் தொழிலாக்கியவர் என்று சொல்லலாம். அவர் இசைக்குழுவை விலைக்கு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இன்னொரு பில்ஸே ஆகியிருப்பார், ஐம்பத்து நான்கு பேரும் மறுபடி எழுந்து போயிருப்பார்கள். அவர் செய்தது வேறு. சீசனுக்குப் பத்துப் பெரிய கச்சேரிகள். அந்தப் பத்துக்கும் குழுவை அவர் அமர்த்திக்கொள்வார். நடத்துநர், தனி வித்வான், விளம்பரம், டிக்கெட் விற்பனை எல்லாம் அவர் பொறுப்பு. லாபமும் நட்டமும் அவருக்கு. சபா சீசன் டிக்கெட் போலப் பத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே சந்தா. கச்சேரி திங்கள் மாலை. அதற்கு முதல் நாள் ஞாயிறு பகலில் கடைசி ஒத்திகை நடக்கும், அதற்கும் டிக்கெட் போட்டு விற்றார். ஒரே சமையல், இரண்டு பந்தி! இந்த யுக்தியைக் கண்டு எனக்கு வோல்ஃப் மேல் தனி மரியாதையே உண்டு.

அந்தப் பத்துக்கும் அவர் பிடித்து வந்தது பியூலோவை. மைனிங்கனில் வாத்தியக்காரர்களை நிற்க வைத்து, மனப்பாடமாக வாசிக்க வைத்து வாட்டி எடுத்த அதே பியூலோ. 1887 அக்டோபரில் தொடங்கி ஐந்தே சீசனில் ஸ்கேட்டிங் கொட்டகைக் குழுவை ஐரோப்பா திரும்பிப் பார்க்கும் குழுவாக்கினார். சைக்கோவ்ஸ்கியே 1888-ல் வந்து தன் படைப்புகளை நடத்திவிட்டுப் போனார். அதே வருடம் ஃப்ரான்ஸ் ஷ்வெஃக்டன் என்ற கட்டடக் கலைஞர் கொட்டகையை உண்மையான இசை மண்டபமாக மாற்றினார். பக்கத்தில் இருந்த ஆன்ஹால்டர் ரயில் நிலையமும் அவர் கட்டியதே.

பியூலோவுக்கு வாய் நீளம். கச்சேரி நடுவே திரும்பி நின்று பிரசங்கம் செய்வார். 1892 மார்ச்சில் விடைபெறும்போது பேத்தோவனின் 'எரோய்க்கா' சிம்பொனியை பிஸ்மார்க்குக்குக் காணிக்கை என்று அறிவித்தார். பிஸ்மார்க்கைச் சான்சலர் பதவியிலிருந்து அனுப்பியவர் இளம் கைசர். அவர் சில வாரம் முன்புதான், குறை சொல்கிறவர்கள் ஜெர்மனியின் தூசியைக் காலணியிலிருந்து தட்டிவிட்டுப் போகலாம் என்று பேசியிருந்தார். அரங்கத்தில் கூச்சல் எழுந்தது. பியூலோ பதில் பேசவில்லை. கைக்குட்டையை எடுத்தார், குனிந்தார், மேடையில் நின்றபடியே தன் காலணித் தூசியைத் துடைத்தார். நகரமே சிரித்தது.

பத்துக் கச்சேரி போக மீதி நாட்கள்? அங்கேதான் சோறு. வாரத்தில் சில மாலைகள் 'ஜனரஞ்சகக் கச்சேரி'. மேசைகள் திரும்ப வந்தன, பீரும் வந்தது. பில்ஸேயிடமிருந்து தப்பி வந்தவர்கள் பில்ஸேயின் வியாபாரத்தையே செய்தார்கள், கல்லா மட்டும் இப்போது தங்களுடையது. மற்ற நாட்களில் யார் பணம் கட்டினாலும் வாசிப்பார்கள். வெளியூர்ப் பியானோ வித்வான், பெயர் எடுக்கத் துடிக்கும் இளம் நடத்துநர், பாடகர் சங்கம், யாரும் வாடகைக்கு எடுக்கலாம்.

அப்படி எடுத்தவர்களில் ஒருவர் ஹாம்பர்க் ஒப்பெராவில் நடத்துநராக இருந்த குஸ்தாவ் மாலர். 1895 டிசம்பர் 13-ல் தன் இரண்டாம் சிம்பொனி முழுவதையும் முதன்முறையாக அவர் கேட்டது, காசு கொடுத்து அமர்த்திய இந்தக் குழு வாசித்துத்தான். ஹாம்பர்க் நண்பர்கள் இருவர் பண உதவி செய்தார்கள். டிக்கெட் விற்கவில்லை. மண்டபம் காலியாகத் தெரியக்கூடாதென்று இசை மாணவர்களுக்கு இலவசச் சீட்டு கொடுத்து உட்கார வைத்தார்கள். இன்று அதே சிம்பொனிக்கு பெர்லினில் டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு.

அதே 1895-ல் ஆர்தர் நிகிஷ் வந்தார். பியூலோ சவுக்கு என்றால் நிகிஷ் வசியம். அதிகம் பேச மாட்டார், கண்ணால் காரியம் சாதிப்பார். அதே சமயத்தில் லைப்ஸிக்கின் கெவாண்ட்ஹவுஸ் குழுவுக்கும் அவரே தலைவர். இரண்டு ஊர், இரண்டு சம்பளம், நடுவே ரயில். அவர் எந்த வகுப்பில் போனார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1913 நவம்பரில் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை வெட்டாமல் முழுதாக இசைத்தட்டில் பதிந்தார்கள். மைக் இல்லாத காலம். பெரிய கூம்பு ஒன்றைச் சுற்றி வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, தட்டின் ஒரு பக்கம் தீரும் இடத்தில் நிறுத்தி, மறுபடி எடுத்து வாசித்தார்கள். நான்கு தட்டு, எட்டுப் பக்கம். இணையத்தில் கிடைக்கிறது. வாணலியில் கடுகு வெடிப்பதுபோன்ற இரைச்சலுக்கு அடியில் நிகிஷின் குழு கேட்கும்.

1902-ல் வோல்ஃப் இறந்தார். ஏஜென்சியை அவர் மனைவி லூயீஸ் வோல்ஃப் கையில் எடுத்தார். 'ராணி லூயீஸ்' என்று நகரம் அவரை அழைத்தது. பாதி கேலி, பாதி பயம். யார் பெர்லினில் அரங்கேறுவது, யார் காத்திருப்பது என்பது அவர் வரவேற்பறையில் முடிவாகும்.

அடுத்த வருடம், 1903-ல், இசைக்குழு தன்னைச் சட்டப்படி ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டது. பங்குதாரர்கள் யார்? இரண்டாம் வயலின், கொம்பு, ஓபோ, தாள வாத்தியம். வெளியாள் எவருக்கும் பங்கு இல்லை. இருபத்தொரு ஆண்டு வாய்ச்சொல்லில் ஓடிய ஏற்பாடு காகிதத்தில் ஏறியது. ஐரோப்பாவில் இசைக்கலைஞர்கள் இவ்வளவு சுத்தமாகத் தங்களுக்குத் தாங்களே எஜமானாக இருந்த இடம் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் பெர்லினின் பொற்காலம் எந்த நடத்துநரின் காலமும் அல்ல, இந்தப் பங்குப் பத்திரத்தின் காலம்தான்.

ஆனால் பத்திரம் சோறு போடாது. முதல் உலகப் போருக்கு முன்பே மாநகராட்சியின் மானியத்தைத் தொட்டாயிற்று. பதிலுக்கு ஜனங்களுக்கு மலிவுக் கச்சேரி. போர் முடிந்ததும் வந்தது பணவீக்கம். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4,20,000 கோடி மார்க். காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலம் ரொட்டிக்குக் காணாது. முன்கூட்டி வாங்கிய சந்தாப் பணம் கச்சேரி நாளன்று வெறும் தாள். வோல்ஃபின் அந்த அழகான ஏற்பாடு, பணம் நாளைக்கும் பணமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் நின்றது. அந்த நம்பிக்கைதான் போய்விட்டது.

நிகிஷ் 1922 ஜனவரியில் இறந்திருந்தார். அந்த நாற்காலிக்குப் பெரிய பெயர்கள் அடிபட்டன. அமர்ந்தவர் முப்பத்தாறு வயது வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர். ராணி லூயீஸின் ஆசியும் இருந்தது. அவருடன் மான்ஹைமிலிருந்து வந்த பெர்ட்டா கைஸ்மர் என்ற பெண்ணை வரலாறு 'செயலாளர்' என்று ஒரு சொல்லில் கடந்துபோகிறது. சுற்றுப்பயணம், ரயில், விசா, கடிதப் போக்குவரத்து, அமைச்சக வாசல் என்று எல்லாம் அவர் தலையில். இருபதுகளில் இந்தக் குழு ஐரோப்பா முழுக்கச் சுற்றி வந்ததற்கு மேடையில் நின்றவருக்கு எவ்வளவு புகழோ அவ்வளவு மேசையில் இருந்தவருக்கும் சேர வேண்டும்.

வாசிப்பில் குறையே இல்லை. 1928 டிசம்பரில் ஷோன்பெர்கின் 'வேறுபாடுகள்' என்ற புதிய படைப்பு அரங்கேறியது. 1929 ஏப்ரலில் யெஹூதி மெனுஹின் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஒரே மாலையில் மூன்று கான்செர்ட்டோ வாசித்து ஊரை வாயடைக்க வைத்தான். கணக்குப் புத்தகம் மட்டும் சிவப்பு மையில். இதற்கிடையே வியன்னா ஃபுர்ட்வாங்லருக்கு வலை வீசியது. அவர் போய்விட்டால் சந்தாதாரர்களும் போய்விடுவார்கள். 1929-ல் பெர்லின் மாநகராட்சி, பிரஷ்ய மாநில அரசு, மைய அரசு மூன்றும் சேர்ந்து இசைக்குழுவைத் தாங்குவதாக ஒப்புக்கொண்டன. பணம் போடுகிறவனுக்குப் பங்கும் வேண்டும், நிர்வாகத்தில் இடமும் வேண்டும். வாத்தியக்காரர்களின் கம்பெனிக்குள் அரசாங்கம் முதன்முறையாகக் காலை வைத்தது.

மை காய்வதற்குள் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. பெர்லின் மேயர் குஸ்தாவ் போஸ், மனைவிக்கு மலிவு விலையில் வந்த ஒரு ரோம மேலங்கியால் ஊழல் புகாரில் சிக்கிப் பதவி இழந்தார். மானியத் தவணைகள் தள்ளிப்போயின. சிக்கனம் என்ற பெயரில் 1932-ல் நகரின் இன்னொரு இசைக்குழுவான பெர்லின் சிம்பொனியைக் கலைத்து இதற்குள் சேர்த்தார்கள். வாய்கள் கூடின, வரவு கூடவில்லை.

1933 ஜனவரியில் ஹிட்லர் வந்தார். மார்ச்சில் புரூனோ வால்டர் பில்ஹார்மோனிக்கை நடத்த வேண்டிய கச்சேரி. அவர் யூதர். நடத்தினால் மண்டபத்துக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்று மேலிடத்திலிருந்து மிரட்டல் வந்தது. வால்டர் ஊரை விட்டுப் போனார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வந்து நடத்திக் கொடுத்து, தன் கட்டணத்தைக் குழுவுக்கே விட்டுவிட்டார். குழு அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை.

ஏப்ரல் 11-ல் ஃபுர்ட்வாங்லர் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்தது. கலையில் நல்லது, மோசமானது என்ற பிரிவு ஒன்றுதான் உண்டு என்பது அதன் சாரம். கோயபல்ஸின் பதிலும் கூடவே அச்சாயிற்று. கடிதப் போர் தலைப்புச் செய்தி. அதே மாதங்களில் தலைப்பில் வராத இன்னொரு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. லோரன்ஸ் ஹோபர் என்ற வியோலா கலைஞர், இசைக்குழுவின் நிர்வாகப் பிரதிநிதி, ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தார். சம்பளம் கொடுக்கப் பணமில்லை, யாராவது காப்பாற்றுங்கள்.

இந்த இடத்தில் பலரும் கதையை எளிதாக்கிவிடுகிறார்கள். நாஜிகள் புகுந்து பறித்தார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பறித்தது உண்மைதான். ஆனால் கதவைத் தட்டியது உள்ளிருந்தவர்கள். பிரச்சார அமைச்சகம் மகிழ்ச்சியோடு திறந்தது. உலகம் சுற்றி ஜெர்மனியின் பெருமையைக் காட்ட இதைவிடப் பளபளப்பான பொருள் கோயபல்ஸுக்கு எங்கே கிடைக்கும்? 1934 தொடக்கத்தில் வாத்தியக்காரர்கள் தங்கள் பங்குகளை மைய அரசுக்கு விற்றார்கள். கம்பெனி அதே பெயரில் இருந்தது. பங்குதாரர் மட்டும் ஒருவர்தான், ஜெர்மன் அரசு. மாதச் சம்பளம் தவறாமல் வந்தது. பின்னால் யுத்தம் வந்தபோது இந்தக் குழுவினருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கும் கிடைத்தது.

ஃபுர்ட்வாங்லரின் செயலாளர் கைஸ்மர் துரத்தப்பட்டு, லண்டன் போய் நடத்துநர் தாமஸ் பீச்சமின் செயலாளரானார். 1936-ல் பீச்சம் தன் லண்டன் குழுவோடு ஜெர்மனிக்குச் சுற்றுப்பயணம் வந்தபோது, கூடவே கைஸ்மரும் அலுவல் ரீதியாக வந்து இறங்கினார். துரத்திய அதிகாரிகள் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ராணி லூயீஸ் 1935-ல் இறந்தார், அதே ஆண்டில் வோல்ஃப் ஏஜென்சியும் மூடப்பட்டது.

கைமாறிய காலத்தில் குழுவில் யூதர்கள் நான்கு பேர். முதல் வயலின் ஷிமோன் கோல்ட்பெர்க், வயலின் கில்பர்ட் பாக், செல்லோ நிகோலாய் கிராடன், செல்லோ யோசஃப் ஷூஸ்டர். 1935 முடிவதற்குள் நால்வரும் போய்விட்டார்கள். கிராடனும் ஷூஸ்டரும் அமெரிக்கா சேர்ந்தார்கள். ஷூஸ்டர் நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் முதல் செல்லோ ஆனார். கோல்ட்பெர்க் கச்சேரிக்காக ஜாவா போன இடத்தில் ஜப்பானியரிடம் சிக்கி, யுத்தம் முடியும்வரை முகாமில் கிடந்தார்.

அடுத்த வாரம்: 1945 மே 26, இடிபாடுகளுக்கு நடுவே டைட்டானியா பாலஸ் சினிமாக் கொட்டகை.

(தொடரும்)